தானியமும் வானமும்

ஆவணி கடைசியில், மேற்கு ராஜஸ்தானில் பருவமழை ஓய்ந்து கம்புக் கதிர்கள் முற்றத் தொடங்கும் நாட்களில், பலோதி நகருக்கு அருகிலுள்ள கீச்சன் கிராமத்தின் வானில் குர்ஜாக்களின் முதல் கூட்டங்கள் தென்படும். குர்ஜா என்பது அந்த ஊரார் வழங்கும் பெயர். சாரசக் கொக்கின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவை அக்குடும்பத்திலேயே உருவில் மிகச் சிறியது. நின்றால் மூன்றடி உயரம், எடை இரண்டு முதல் மூன்று கிலோ. சாம்பல் நிற உடல், கரிய கழுத்து, சிவந்த கண்ணுக்குப் பின்னிருந்து சரிந்து தொங்கும் வெள்ளை இறகுக் கற்றை. கருங்கடல் பகுதியிலிருந்து மங்கோலியா, வடகிழக்குச் சீனம் வரை விரிந்த புல்வெளிகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அங்கே இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர் இறங்கியதும் தெற்கே கிளம்பிவிடும். வந்தவை மாசி, பங்குனி வரை தார்ப் பாலைவனத்தில் தங்குகின்றன. ஒரு பருவத்தில் கீச்சனில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல் கூடுவதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. இவற்றை வரவேற்கும் ஏற்பாட்டை எந்த வனத்துறையும் தொடங்கவில்லை. ஊரார் தங்கள் பணத்தில், தங்கள் உழைப்பில் நடத்திவரும் காரியம் இது. இந்த இடத்தில் பறவைகளைக் காப்பது எது என்று கேட்டால், அங்கே இறைக்கப்படும் தானியம் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. மறுபாதியை நாம் இப்போதே கவனிக்காவிட்டால், அன்போடு இறைக்கும் தானியமே அப்பறவைகளைக் கேட்டுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பது என் வாதம்.

கீச்சனின் கதை எளிமையானது. 1970களில் ரத்தன்லால் மாலு என்ற ஜைனரும் அவர் மனைவியும் ஊர்ப் புறத்தில் புறா, சிட்டுக்குருவி, அணில் போன்றவற்றுக்குத் தானியம் போட்டுவந்தார்கள். மழைக்காலம் முடிந்த பருவத்தில் சில குர்ஜாக்களும் அங்கே வந்து இறங்கின. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை பெருகியது. தெருநாய்கள் பறவைகளைத் துரத்தியதால் தானியம் இறைப்பதற்கென்று வேலியடைத்த முற்றம் ஒன்று அமைந்தது. சிவந்த மணற்கல்லில் நுணுக்கமான வேலைப்பாடுகளோடு கட்டிய பெரிய மாளிகைகள் நிறைந்த ஊர் அது. அவற்றில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் வணிகத்தின் பொருட்டு நாட்டின் பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் ஊரில் இருப்பவர்களும் தரும் நன்கொடையில் சோள மூட்டைகள் வாங்கப்படுகின்றன. விடியற்காலையில் முற்றத்துக்கு மேலே கூட்டங்கள் வட்டமிடுகின்றன. ஒரு பகுதி இறங்கித் தின்று எழுந்ததும் அடுத்த பகுதி இறங்குகிறது. தீனி முடிந்ததும் சுற்றியுள்ள மணல்மேடுகளுக்கும் வயல்களுக்கும் பரவுகின்றன. இரைப்பையில் தானியத்தை அரைக்க உதவும் சிறு கற்களைப் பொறுக்குகின்றன. பகல் ஏறியதும் ராத்திரி நாடி, விஜயசாகர் என்ற இரண்டு நீர்நிலைகளில் தண்ணீர் குடிக்கின்றன. இரவுக்கு ஆழமில்லாத நீரையும் திறந்த வெளியையும் நாடுகின்றன. நரியோ நாயோ வந்தால் தொலைவிலேயே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த இனம் முழுவதும் கைக்கொள்ளும் வழக்கம் அது.

இப்படியான ஒரு முயற்சிக்குச் சட்டத்தில் நெடுங்காலம் தெளிவான இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அரசு அறிவிக்கும் சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் மையமாக வைத்து எழுதப்பட்டது. தனியாரோ சமூகமோ தம் நிலத்தைத் தாமாக முன்வந்து காக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளும் சமூகக் காப்பகம் என்ற வகை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. 2025 ஜூனில், உதய்பூர் அருகேயுள்ள மேனாருடன் சேர்த்துக் கீச்சன் நீர்நிலைகளும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஊரார் தானியம் போடத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின் வந்த அங்கீகாரம் இது. தனியார் பாதுகாப்புக்கு உலகில் வேறொரு முகமும் உண்டு. தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில், வறட்சியில் நொடித்துப்போன ஆட்டுப் பண்ணைகளை 1984 முதல் ஒவ்வொன்றாக வாங்கி உருவாக்கிய நமீப்ராண்ட் இயற்கைக் காப்பகம் இன்று இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறது. அங்கே செய்த முதன்மையான வேலை எதையும் கட்டியது அல்ல. பண்ணைகளுக்கு இடையே இருந்த கம்பி வேலிகளைப் பிடுங்கி எறிந்ததுதான். மழை எங்கே பெய்கிறதோ அந்தத் திசையில் ஓரிக்ஸ் மான்களும் ஸ்பிரிங்பாக் மான்களும் மீண்டும் நடக்க முடிந்தது. பாலைவனத்தில் உயிர் பிழைப்பது என்றால் நகர்வதுதான். நகரும் உயிரைக் காப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் வழியை மறிப்பது எது என்பதை.

இந்த அளவுகோலைக் குர்ஜாவின் வாழ்வுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மங்கோலியப் புல்வெளியிலிருந்து கிளம்பும் கூட்டங்கள் திபெத்தியப் பீடபூமியைத் தாண்டி, ஐயாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இமயத்தைக் கடக்கின்றன. நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பொன்னிறக் கழுகுகள் அவற்றுக்காகக் காத்திருக்கின்றன. தளர்ந்தவற்றையும் அந்த ஆண்டுக் குஞ்சுகளையும் பிரித்து வேட்டையாடுகின்றன. திரும்பும்போது அதே பாதையில் போவதில்லை. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளின்படி, வசந்தத்தில் அவை மேற்கே வளைந்து பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், நடு ஆசியா வழியாக வடக்கே ஏறுகின்றன. காற்றின் திசையும் கீழேயுள்ள நிலத்தின் நிலையும் பருவத்துக்குப் பருவம் மாறுவதே இந்த வளையப் பாதைக்குக் காரணம். அந்த மேற்குப் பாதையில், பாகிஸ்தானின் குர்ரம் பள்ளத்தாக்கிலும் லக்கி மர்வத் சமவெளியிலும், கயிற்று நுனியில் ஈயக் குண்டு கட்டி இரவில் வானில் வீசிப் பறவைகளை உயிரோடு பிடிக்கும் வேட்டை மரபு இருக்கிறது. பழக்கிய பறவைகளைக் கத்தவைத்துப் பறந்துபோகும் கூட்டங்களைத் தாழ இறங்கச் செய்வார்கள். ஆக, இந்தப் பாதையில் கீச்சனுக்கு வந்துசேரும் ஒவ்வொரு பறவையும் பனிமலை, கழுகு, பசி ஆகியவற்றைக் கடந்து வந்தது. திரும்பும் வழியில் கயிற்றையும் கடக்க வேண்டியது. அதன் ஓராண்டு வாழ்வில் நம் முற்றத்தில் கொத்தும் காலைகள் மிகச் சிறிய பகுதி. மேலும், குர்ஜாக்கள் கீச்சனில் மட்டும் குளிர்காலம் கழிப்பதில்லை. ராஜஸ்தானின் வேறு பல நீர்நிலைகளிலும் குஜராத்தின் கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளிலும் பெருங்கூட்டங்கள் தங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எவரும் சோளம் போடுவதில்லை. அறுவடையான வயலில் உதிர்ந்த மணிகள், பூச்சிகள், இரவு தங்க ஆழமற்ற நீர், தொந்தரவு செய்யாத மனிதர்கள், இவ்வளவும் இருந்தால் அவை வாழ்ந்துவிடுகின்றன. தானியம் இல்லாமல் இந்த இனம் பிழைக்காது என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை.

ஆதாரம் இருப்பது எதிர்த்திசையில்தான். பறவைகளை ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூட்டுவதன் விலையைக் கடந்த சில ஆண்டுகள் கடுமையாகக் காட்டியிருக்கின்றன. இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில், நிலக்கடலை வயல்களைக் காப்பதற்காகக் கொக்குகளுக்குத் தனியிடத்தில் தீனி வைக்கும் ஏற்பாடு நடந்துவந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பறவைக் காய்ச்சல் பரவி, ஆயிரக்கணக்கான கொக்குகள் நீரிலும் கரையிலும் செத்துக் கிடந்தன. ஜப்பானின் இசுமியில், உலகிலுள்ள முக்காட்டுக் கொக்குகளில் மிகப் பெரும்பான்மை ஒரே ஊரின் வயல்களில் தீனியை நம்பிக் கூடுகின்றன. 2022-23 குளிர்காலத்தில் அதே நோயால் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. கீச்சன் இருக்கும் ஜோத்பூர் வட்டாரத்திலும் இது தொலைதூரச் செய்தியாக இல்லை. 2021 நவம்பரில் கப்பர்டா என்ற இடத்தில் குர்ஜாக்களே பறவைக் காய்ச்சலுக்குப் பலியாயின. நோய்க் கிருமியைத் தீனி உண்டாக்குவதில்லை என்பது உண்மை. தீனி இல்லாத இடங்களிலும் பறவைகள் சாகின்றன. ஆனால் ஒரு பறவையின் எச்சம் கலந்த மண்ணில் நூறு பறவைகளின் அலகு படும்போது கிருமிக்கு வேலை எளிதாகிறது. இனத்தின் பெரும்பகுதி ஒரே முற்றத்தில் நிற்கும்போது ஒரு விபத்து பேரழிவாக வளர்கிறது. தர்மம் செய்பவரின் மனம் தூய்மையாக இருப்பதால் நோய்ப் பரவலின் கணக்கு மாறிவிடாது.

அப்படியானால் தானியத்தை நிறுத்திவிடுவதே அறிவு என்று சூழலியலாளர் சிலர் சொல்லக்கூடும். காட்டுயிருக்குத் தீனி போடுவது அதை வளர்ப்புப் பிராணியாக்கும் வேலை என்பது அவர்கள் நெடுநாளாக வைக்கும் குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. ஆனால் அது பறவையை மட்டும் பார்த்து மனிதரைப் பார்க்காமல் விடுகிறது. ஒப்பிட ஒரு தமிழ் உதாரணம் இருக்கிறது. வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகளை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்ததற்கு அன்போடு ஓர் உழவுக் கணக்கும் காரணம். பறவை எச்சம் கரைந்த ஏரிநீர் பாயும் வயல் உரம் பெறும். அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடவிடாமல் தடுக்கும் உரிமையை அந்த ஊரார் கம்பெனி ஆட்சியிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றார்கள். பறவையும் ஊரும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிய உறவு அது. கீச்சனில் அந்தக் கைம்மாறு இல்லை. வறண்ட மணலில் குர்ஜாவின் எச்சம் எந்த ஏரியையும் வளப்படுத்தப் போவதில்லை. விளைந்த வயலில் அது இறங்கினால் உழவருக்கு நட்டமும் உண்டு. அப்படியிருந்தும் அங்கே ஒருவர் கல்லெறிவதில்லை, கண்ணி வைப்பதில்லை. குர்ரம் பள்ளத்தாக்கில் கயிறு வீசிப் பிடிக்கும் அதே பறவை இங்கே ஆளருகே வந்து மேய்கிறது. கைம்மாறு இல்லாத இடத்தில் இந்தக் கட்டுப்பாட்டை எது தாங்கிப் பிடிக்கிறது? அங்கேதான் தானியத்தின் உண்மையான வேலையைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் மூட்டை சுமந்து, ஒவ்வோர் ஆண்டும் பணம் அனுப்பி, ஓர் ஊர் தன் உறுதியைத் தனக்குத் தானே நினைவூட்டிக்கொள்கிறது. பறவைக்குத் தானியம் தேவைப்படவில்லை; பறவையோடு உறவு கொள்ள ஊருக்கு அது தேவைப்பட்டது. தானியம் போடுபவன் கல் எடுக்கமாட்டான். அந்த எடுக்காத கல்தான் கீச்சனின் காப்பு.

இதை ஏற்றுக்கொண்டால் மற்றொன்றையும் ஏற்க வேண்டியிருக்கும். காப்பு என்பது தொல்லை செய்யாதிருத்தல் என்றால், அந்தத் தொல்லை இப்போது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஊர்க்காரரின் கையிலிருந்து வரவில்லை. வானத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகளிலிருந்து வருகிறது. கீச்சனைச் சுற்றியுள்ள நிலம் இன்று நாட்டின் மின்சார வரைபடத்தில் முக்கியமான இடம். அதே பலோதி வட்டாரத்திலுள்ள பட்லா சூரியமின் பூங்கா 2,245 மெகாவாட் திறன் கொண்டது. ஏறத்தாழ 14,000 ஏக்கரில் பரந்திருக்கிறது. வெயில் மிகுந்த மண் என்பதுதான் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். 2016 மே 19 அன்று 51 டிகிரி வெப்பம் பதிவான பலோதிதான் அது. உற்பத்தியாகும் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் உயர் அழுத்தத் தடங்கள் மணல்வெளியெங்கும் ஓடுகின்றன. கொக்கு இனங்கள் உடல் கனத்தவை. பறக்கும்போது சட்டென்று திசை திருப்ப முடியாதவை. பெரும்பாலும் கீழே நிலத்தையும் பக்கவாட்டையும் பார்த்துப் பறக்கும் பறவைகளுக்கு நேரெதிரே இருக்கும் மெல்லிய கம்பி கடைசி நொடிவரை தெரிவதில்லை. விடியலில் இருள் பிரியும்முன் தங்குமிடத்திலிருந்து தீனி முற்றத்துக்கும், அந்தியில் திரும்பவும், கூட்டம் கூட்டமாகத் தாழப் பறக்கும் குர்ஜாக்களுக்கு ஊரருகே போகும் ஒவ்வொரு கம்பியும் ஆபத்து. தானியம் இங்கேதான் கேடாக மாறுகிறது. பரந்து சிதறியிருக்க வேண்டிய பறவைகளை நாம் ஒரு புள்ளிக்கு அழைக்கிறோம். அந்தப் புள்ளிக்கு வரும் வழியில் வேறொருவர் கம்பி கட்டுவதை விட்டுவிடுகிறோம். அழைத்தவர்கள் நாம் என்பதால் அந்தச் சாவில் நமக்கும் பங்குண்டு.

கம்பிகளின் பேரழிவுக்குக் குர்ஜாவைவிடக் கொடிய சாட்சி அதே பாலைவனத்தில் இருக்கிறது. இந்தியக் கானமயில் என்ற பறவை இன்று உலகில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது; அவற்றில் பெரும்பாலானவை தாரில் வாழ்கின்றன. அப்பகுதியில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மின்கம்பிகளில் மோதி ஆண்டுக்கு 84,000 பறவைகள் வரை சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கானமயிலின் வாழிடத்தில் கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்கச் சொன்னது. அரசும் மின்துறையும் நடைமுறைச் சிக்கல்களையும் பருவநிலைக் கடமைகளையும் காட்டியபின் 2024 மார்ச்சில் அந்த ஆணை தளர்ந்து, நிபுணர் குழுவின் பரிசீலனைக்குப் போனது. இங்கே கனமான ஓர் எதிர்வாதம் எழுகிறது. சூரிய மின்சாரம் தேவை. நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் புவி சூடாகிப் பறவைகளின் புல்வெளிகளும் பாலைநிலங்களும் சேர்ந்தே அழியும். சில பறவைகளுக்காக நாட்டின் மாற்று எரிசக்தியைத் தடுப்பது தவறான இரக்கம் என்பது அந்த வாதம். அதன் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கம்பி எங்கே ஓட வேண்டும், எந்தத் துண்டைப் புதைக்க வேண்டும், எந்தத் துண்டில் பறவை கண்டு விலகும் தகடுகளைத் தொங்கவிட வேண்டும் என்பவையெல்லாம் மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியின் பகுதிகள் அல்ல. அவை செலவுக் கேள்விகள். சூரிய மின்சாரம் மலிவு என்று சொல்லும்போது அந்த மலிவில் பறவைகளின் சாவு கணக்கில் வராமல் விடப்படுகிறது. அதைக் கணக்கில் சேர்த்தாலும் சூரிய மின்சாரம் நின்று நிலைக்கும்; சற்றுக் கூடுதல் விலையில் நிலைக்கும். அந்தக் கூடுதலைத் தராமல் மிச்சப்படுத்திவிட்டு அதைப் பசுமை என்று அழைப்பது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பும் வரும். குர்ஜா அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலை குறைந்த இனங்களில் ஒன்று. இருக்கும் பணத்தையும் கவனத்தையும் கானமயிலுக்குத் தராமல், எண்ணிக்கையில் நிறைந்த, பார்க்க அழகான ஒரு விருந்தாளிக்கு ஏன் செலவிட வேண்டும்? அழிவுப் பட்டியலைக் கொண்டு இரக்கத்தைப் பங்கிடும் இந்தக் கணக்கில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. கானமயிலைக் கொல்லும் கம்பியும் குர்ஜாவைக் கொல்லும் கம்பியும் ஒன்றே. இரண்டும் நம்பியிருப்பது திறந்த புல்நிலத்தையும் தரிசையும் மேய்ச்சல் வெளியையும்தான். அரசு ஆவணங்களில் அவை தரிசு, பயனற்ற நிலம் என்று எழுதப்பட்டிருப்பதால்தான் ஆலைக்கும் சூரியப் பலகைக்கும் முதலில் ஒதுக்கப்படுகின்றன. ராஜஸ்தானின் ஊர்கள் தெய்வத்தின் பெயரால் காத்துவரும் ஓரண் என்ற கோயில் காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் பல இடங்களில் அப்படித்தான் பறிபோயின. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரண்களை அளந்து, வனமாக அறிவிக்க வேண்டும் என்று ராஜஸ்தான் அரசுக்கு ஆணையிட்டது. கானமயில் மனிதர் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழும் பறவை; அதற்காகப் பேச ஊரில் ஆள் குறைவு. குர்ஜாவோ ஊர் நடுவே வந்திறங்குகிறது. தொலைதூரக் கணவனுக்குத் தூது சொல்லும்படி பெண் அதனிடம் கேட்கும் நாட்டுப்பாடல் அந்த மண்ணில் இன்றும் பாடப்படுகிறது. பலர் அறிந்து நேசிக்கும் ஓர் உயிரின் பெயரால் காக்கப்படும் நிலம், யாரும் அறியாத பத்து உயிர்களையும் சேர்த்துக் காக்கும். அந்த அன்பை வீண் செலவென்று ஒதுக்கினால் அவற்றுக்காகப் பேச வேறு யாரும் முன்வரப் போவதில்லை.

தனியார் தர்மம் அரசின் கடமையைத் தள்ளிப்போட உதவுகிறது என்றும் சொல்லப்படும். ஊரார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் வனத்துறைக்கு வேலை இல்லை. ஒரு தலைமுறை களைத்தால் எல்லாம் நின்றுவிடும். இந்த அச்சம் நியாயமானது. ரத்தன்லால் மாலுவைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் பிறப்பதில்லை. நகரத்தில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஊர்ப் பறவைக்குப் பணம் அனுப்பிக்கொண்டேயிருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. ஆனால் தனியார் முயற்சியின் முழுப்பயன் அரசின் வேலையைத் தான் செய்வதில் இல்லை. அரசைத் தன் வேலையைச் செய்யவைப்பதில் இருக்கிறது. ஊர்மேல் போகும் கம்பிகளை எதிர்த்துக் கீச்சன்காரர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த உரிமையை அவர்களுக்குத் தந்தது எந்தச் சட்டப் பிரிவையும்விட அரை நூற்றாண்டாக இறைத்த சோளம். எங்கள் விருந்தாளி என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு இருந்தது. ராம்சார் பட்டியலில் சேர்ந்தபின் அந்தக் குரலுக்கு இன்னும் வலு கூடியிருக்கிறது. பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் ஒரு குளமும் தானாகக் காப்பாற்றப்படாது. கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பயணிகள் பெருகுவார்கள், விடுதிகள் எழும், கரையோரம் வண்டிகள் நிற்கும். இவையும் தொல்லையின் புதிய வடிவங்களே. பறவையைக் காட்டிப் பிழைக்கும் ஊர் பறவைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையும் தானே வரையறுக்க வேண்டியிருக்கும்.

கீச்சன் செய்ய வேண்டியது தானியத்தைத் துறப்பதல்ல, தானியத்தில் தொடங்கிய அன்பை அதற்கு அப்பால் கொண்டுபோவது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவு இதற்கு வழி காட்டுகிறது. அங்கே செந்தலைக் கொக்குகள் ஒருகாலத்தில் அழிந்தேவிட்டதாக எண்ணப்பட்டன; 1952ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவை 33 மட்டுமே. அந்தக் காலத்துக் கடும் பனிக்குளிரில் உழவர்கள் போட்ட மக்காச்சோளம் அந்த இனத்தைப் பிழைக்கவைத்தது. இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்ட நிலையில், பறவைகள் ஓரிடத்தில் நெருங்காமல் தீவெங்கும் பரவட்டும் என்று ஜப்பானிய அரசே தீனியைப் படிப்படியாகக் குறைத்துவருகிறது. காப்பாற்றிய கையே தன் பிடியைத் தளர்த்தும் பக்குவம் அது. கீச்சனிலும் அது முடியும். முற்றத்தில் இறைக்கும் அளவை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைக்கலாம். இறைக்கும் இடங்களைத் தொலைவாகப் பிரிக்கலாம். மிச்சப்படும் பணத்தில் நீர்நிலைகளின் வரத்துக்கால்களைத் தூர்வாரலாம், சுற்றுப்புற மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் திறந்த வெளியாகவே வைத்திருக்கலாம், பயிர் இழக்கும் உழவருக்கு ஈடு தரலாம். பறவை இறந்தால் எங்கே, எந்தக் கம்பியின் கீழ் இறந்தது என்று பதிவுசெய்ய ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்கலாம். அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் எந்த உருக்கமான பேச்சையும்விட வலிமையான சாட்சியாகும். இவற்றில் எதுவும் ஜைன மரபின் உயிரிரக்கத்துக்கு அயலானதல்ல. எவ்வுயிரையும் துன்புறுத்தாமை என்பதை முதல் நெறியாக வைத்த மரபு அது. தானம் அந்த நெறியிலிருந்து கிளைத்தது. நெறி தானத்துக்கு முன்னே நிற்கிறது.

இந்த வாதம் கீச்சனோடு முடிவதில்லை. காட்டுயிருக்குச் சொந்த நிலத்தில் இடம் தரும் எவரும், அது நூறு ஏக்கர் பண்ணையோ ஊர்ப்பொதுக் குளமோ, இரண்டு விதமாகத் தம் பணியைப் புரிந்துகொள்ளலாம். வந்த உயிருக்கு நான் என்ன கொடுத்தேன் என்று கணக்கிடுவது ஒன்று. அது வரவும் போகவும் நான் என்னென்ன தடைகளை நீக்கினேன் என்று கணக்கிடுவது மற்றொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கக் கிடைக்கும், கொடுத்தவர் மனத்தை நிறைக்கும். இரண்டாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது: கட்டப்படாத கம்பி, அடைக்கப்படாத நிலம், வற்றவிடாத குளம். முதலாவதில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறோம். அதில் குற்றமில்லை, ஏனெனில் கொடுக்காமல் மனிதருக்குப் பாசம் பிறப்பதில்லை. அதிலேயே நின்றுவிடுவதுதான் குற்றம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் பறவைக்கு எந்தத் தனியாரும் முழுக் காப்பு தர முடியாது. அதன் வீடு பல நாடுகளின் வானமும் நிலமும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் யாரோ சிலர் தம் பங்கு வானத்தைக் காத்துக் கொடுத்தால்தான் அந்தப் பயணம் முழுமை பெறும். தார்ப் பாலைவனத்தின் மேலிருக்கும் பங்கு நம்முடையது. அங்கே மின்தடங்களைத் திட்டமிடுபவர்களும், அனுமதி வழங்குபவர்களும், அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தும் நாமும், கீச்சன் ஊரார் தம் கைக்கல்லை விட்டதுபோல் நம் கையிலிருப்பதை விட வேண்டும். அதுவரை அந்த ஊரின் தானியம் பாதிக் காப்பாகவே இருக்கும்; மீதிப் பாதியைத் தர வேண்டியவர்கள் நாம்.